தொற்றுநீக்கத்தின் அரசியற் பொருளாதாரம்: மண்டபம் முகாம் முதல் இலத்திரன் கற்றை வரை
(மஸ்கெலியாவை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு)

1

1867ஆம் ஆண்டு மூன்று காரணங்களால் நினைவுகூரத்தக்கது. அவ்வாண்டிலேயே ஜேம்ஸ் ரெயிலர் கண்டி மலைப்புறத்து லூல்கந்துரவில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையைப் பயிர்செய்யத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே ஜோசப் லிஸ்ரர் என்னும் அறுவை வைத்தியர், காபோலிக் அமிலத்தைக் கொண்டு காயங்களைப் புரையோடாது காக்கும் முறையைப் பற்றிய கட்டுரைகளை வெளியிட்டார். கார்ல் மார்க்ஸின் ‘மூலதனம்’ முதற்பாகம் வெளிவந்ததும் அவ்வாண்டிலேதான். தோட்டப் பொருளாதாரம், கிருமி பற்றிய அறிவு, அவ்விரண்டையும் உள்ளடக்கிய சமூக அமைப்பினை விளக்கும் அறிவு ஆகிய மூன்றும் ஒரே ஆண்டில் முகங்காட்டியமை தற்செயலாயிருக்கலாம். ஆயின், பின்வந்த நூற்றைம்பது ஆண்டுகளில் அவை மூன்றும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து வந்தமை தற்செயலன்று.

இன்று கிருமியழித்தற்றுறையில் கதிர்வீச்சு முறைகள், சிறப்பாக இலத்திரன் கற்றையைப் பயன்படுத்தும் முறை, உலகெங்கும் விரிவுபெற்று வருகின்றன. மருத்துவக் கருவிகள், வாசனைத் திரவியங்கள், தானியங்கள், பழங்கள் எனப் பலவும் இம்முறைக்கு உட்படுத்தப்படுகின்றன. இதனை அறிவியலாளரின் தனியுரிமையான விடயமெனக் கருதி இலக்கிய, வரலாற்று மாணவர் ஒதுங்கிக்கொள்ளுதல் தகாது. எது அழுக்கு, எது தூய்மை, யார் யாரைத் தூய்மைப்படுத்துவது, யாருடைய செலவில், யாருடைய நன்மைக்காக என்னும் வினாக்கள் ஆய்வுகூடத்தில் மட்டும் விடை காணத்தக்கவையல்ல. மலையகத்தின் வரலாறு இவ்வினாக்களுக்குத் தரும் விடையினை மஸ்கெலியாவில் நின்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

தோட்டத் தொழிலாளர் வரலாற்றில் தொற்றுநீக்கம் முதன்முதலில் மனித உடல் மீதே செயற்படுத்தப்பட்டது. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து புறப்பட்டோர் இராமேசுவரம் வழியாக மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதை எனப்பட்ட காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதி, அம்மை, பட்டினி ஆகியவற்றால் அவ்வழியில் மடிந்தோரின் தொகை பற்றி வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மடிந்தோர் பலர் என்பதில் வேறுபாடில்லை. மலையகத்து நாட்டார் பாடல்களில் அந்த நடை இன்றும் நினைவாக நிலைத்திருக்கின்றது. 2023இல், மலையக மக்கள் இத்தீவுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றமையைக் குறிக்கத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் மேற்கொள்ளப்பட்டபோது, அந்நினைவு மீண்டும் பொதுவெளிக்கு வந்தது.

வழியில் மாண்டவரைப் பற்றிக் குடியேற்ற ஆட்சி நெடுங்காலம் பெருங்கவலை கொள்ளவில்லை. நோய் கொழும்புத் துறைமுகத்தையும், வணிகத்தையும், துரைமாரின் பங்களாக்களையும் எட்டக்கூடும் என்ற நிலை தோன்றிய பின்னரே கவலை சட்டவடிவம் பெற்றது. 1896இல் பம்பாயில் கொள்ளைநோய் பரவியமை இதற்கு உடனடித் தூண்டுதலாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வடபாதை மூடப்பட்டது. தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள தட்டப்பாறையிலும், இலங்கையில் றாகமையிலும் முகாம்கள் இயங்கின. 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பற் போக்குவரத்தும் தொடங்கியபின், மண்டபம் முகாம் தொழிலாளர் கடக்கவேண்டிய வாயிலாயிற்று.

இம்முகாமின் அமைப்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. இந்திய மண்ணிலே இருந்த அதனை நடத்தியது இலங்கை அரசாங்கம். அங்கே தொழிலாளர் குடும்பங்கள் சில நாள்கள் தடுத்துவைக்கப்பட்டன, உடைகள் நீராவியால் தொற்றுநீக்கப்பட்டன, அம்மைப்பால் குத்தப்பட்டது, பெயர், ஊர், சேரவேண்டிய தோட்டம் ஆகியன பதியப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்துக்குரிய அடையாளம் பொறித்த தகரத்துண்டினைத் தொழிலாளர் அணிந்து செல்லும் வழக்கமும் ஏற்பட்டது. ஏற்றுமதிப் பெட்டிமீது ஒட்டப்படும் முகவரிச் சீட்டுக்கும் அந்தத் தகரத்துண்டுக்கும் தொழிற்பாட்டளவில் வேறுபாடில்லை. உழைப்புச் சக்தி பண்டமாகும்போது, அப்பண்டத்தைத் தாங்கிவரும் உடலும் பொதிசெய்து, பரிசோதித்து, முத்திரையிட்டு அனுப்பப்படும் பொருளாகிவிடுகின்றது.

மண்டபம் முகாமின் வரலாறு அத்துடன் முடியவில்லை. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி நாடுகடத்தப்பட்ட மலையகக் குடும்பங்கள் பல, மறுதிசையிற் சென்று அதே மண்டபத்தில் தங்கவைக்கப்பட்டன. 1983இன் பின்னர் இலங்கைத் தமிழ் அகதிகளும் அங்கேயே வந்து சேர்ந்தனர். வரவழைக்கப்பட்டபோதும், துரத்தப்பட்டபோதும், தப்பியோடியபோதும் ஒரே வாயில்! நோயைத் தடுப்பதற்கெனக் கட்டப்பட்ட மதில்கள் மனிதரை வகைப்படுத்துவதற்கும் பயன்பட்டன.

3

முகாமின் அடிப்படைக் கருத்து யாது? நோய் தொழிலாளியோடு வருகின்றது; அவனைத் தூய்மையாக்கினால் தோட்டம் காக்கப்படும் என்பதே. இக்கருத்து அரையுண்மையினும் குறைந்தது என்பதனைத் தோட்டத்தின் வரலாறே காட்டிற்று.

1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தினர் இலங்கையில் கொளுக்கிப்புழு ஒழிப்பு முயற்சியை மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் ஆரம்பித்தனர். பரிசோதிக்கப்பட்ட தொழிலாளருள் மிகப் பெரும்பாலானோர் இப்புழுவினாற் பீடிக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது. மலசலகூடமற்ற லயங்களைச் சூழ்ந்த ஈரமண்ணும், வெறுங்காலோடு மலையேறும் தொழிலும் இப்புழு பெருகுவதற்கேற்ற நிலைமைகளாயிருந்தன. மருந்து கொடுப்பதற்குத் தோட்டத்துரைமார் இசைந்தனர். சோகை நீங்கிய தொழிலாளி கூடுதலாக வேலைசெய்வான் என்ற கணக்கு அவர்களுக்கு விளங்கிற்று. மலசலகூடம் கட்டுவதென்றபோது அவ்வுற்சாகம் காணப்படவில்லை. மருந்துண்டு புழுவை வெளியேற்றியவர் மறுநாள் அதே மண்ணை மிதித்து மீண்டும் நோயுற்றனர். உடலைத் தூய்மையாக்குவது மலிவு. சூழலைத் தூய்மையாக்குவது செலவு. இவ்வேறுபாட்டினுள்ளே தோட்டச் சுகாதாரத்தின் அரசியற் பொருளாதாரம் முழுவதும் அடங்கியுள்ளது எனலாம்.

புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யைச் சுகாதார வரலாற்றுச் சான்றாகவும் படித்தல் வேண்டும். 1930களில் எழுதப்பட்ட அக்கதையில் மருதியின் உடலைப் பாழாக்கும் நோயை அவள் ஊரிலிருந்து கொண்டுவரவில்லை. தோட்டத்து அதிகாரமே அதனை அவளுக்கு அளிக்கின்றது. முகாமின் அதிகாரபூர்வத் தருக்கத்தினை எழுத்தாளன் இவ்விடத்தில் தலைகீழாக நிறுத்திவிடுகின்றான். ஆவணங்கள் மறைத்ததை இலக்கியம் கண்டுகொண்டதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

பிரசவ அறையின் வரலாறும் இதனோடு சேர்த்து நோக்கப்படவேண்டியது. தொப்புள்கொடியை அறுக்கும் கருவி தூய்மையற்றதாயின் பிறந்த குழந்தைக்கு ஏற்புவலி உண்டாகின்றது. இந்நோய் தோட்டக் குழந்தைகளின் உயிரை நெடுங்காலம் குடித்தது. இதனைத் தடுப்பதற்குக் கொதிநீரும் தூய கத்தியும் போதும். அமுக்க நீராவியால் கிருமியழிக்கும் கலத்தைப் பிரான்சிய அறிஞர் சம்பர்லான் 1879இலேயே ஆக்கியிருந்தார். ஆயினும், அறிவு தோன்றிய காலத்துக்கும் அது லயத்துப் பெண்ணின் கட்டிலை எட்டிய காலத்துக்கும் இடையே பல தலைமுறைகள் கழிந்தன. அந்த இடைவெளியை எந்த விஞ்ஞானக் குறைபாட்டினாலும் விளக்கமுடியாது. உற்பத்தி உறவுகளினாலேயே விளக்கமுடியும்.

4

இனிக் கதிர்வீச்சு முறையின் இயல்பினைச் சுருக்கமாக நோக்குவோம். கிருமியழிப்புக்கு மூவகை வழிகள் உள. முதலாவது வெப்பம். இரண்டாவது இரசாயனம். மூன்றாவது அயனாக்கும் கதிர்.

வெப்பத்தைத் தாங்காத பொருள்கள் பல. பிளாஸ்ரிக்காலான ஊசிக்குழாயினை நீராவியில் இட்டால் உருக்குலைந்துவிடும். எதிலீன் ஒட்சைட்டு வாயு அதற்கு மாற்றாக வந்தது. அது கிருமியைக் கொல்வதில் வல்லது. மனிதருக்குப் புற்றுநோயை விளைப்பதிலும் வல்லது. 2020இல் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற எள்ளில் இதன் எச்சம் காணப்பட்டமை பெரும் வணிக நெருக்கடியை உண்டாக்கிற்று. களஞ்சியப் பூச்சிகளை அழிக்கப் பயன்பட்ட மெதயில் புரோமைட்டோ ஓசோன் படலத்தைச் சிதைப்பது. 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை வழியாக அதன் பாவனை படிப்படியாகக் கட்டுப்படுத்தப்பட்டது. இவ்வாறாக இரசாயன வழி ஒடுங்க ஒடுங்கக் கதிர்வழி அகன்று வருகின்றது.

கதிர்வழியிலும் இருவகை உண்டு. கோபாற்று-60 என்னும் கதிர்த்தொழிற்பாடுடைய மூலகத்திலிருந்து வரும் காமாக் கதிரைப் பயன்படுத்துவது ஒன்று. இலத்திரன்களை மின்புலத்தால் முடுக்கி, கற்றையாகப் பொருள்மீது பாய்ச்சுவது மற்றொன்று. இரண்டும் நுண்ணுயிரின் மரபுப்பொருளைச் சிதைத்து அது பெருகாவண்ணம் செய்கின்றன. மருத்துவப் பொருள்களுக்குப் பொதுவாக 25 கிலோகிரே அளவும், உணவுப் பொருள்களுக்கு அதனிற் குறைந்த அளவும், பூச்சிகளை மலடாக்க ஒரு கிலோகிரேக்கும் குறைந்த அளவும் போதுமானவை. கதிரூட்டப்பட்ட பொருள் கதிர்வீசும் பொருளாகிவிடும் என்னும் அச்சம் பரவலாக உண்டு. அது பிழையானது. இலத்திரனின் ஆற்றல் 10 மெகா இலத்திரன் வோல்ற்றுக்கு மேற்படாதவாறு வரையறுக்கப்பட்டிருப்பது இதன்பொருட்டே. 10 கிலோகிரே வரையான அளவினால் உணவில் நச்சுத்தன்மை தோன்றுவதில்லை என உலகச் சுகாதார நிறுவனம், உணவு விவசாய நிறுவனம், சர்வதேச அணுசக்தி நிறுவனம் ஆகியவற்றின் கூட்டு வல்லுநர் குழு 1980இல் முடிவுசெய்தது.

வரலாற்று நோக்கில், வணிகப் பாவனையில் முன்னின்றது இலத்திரனே. 1956இல் ஐக்கிய அமெரிக்காவில் அறுவைத் தையல் நூல்கள் இலத்திரன் கற்றையாற் கிருமியழிக்கப்பட்டன. 1957இல் மேற்கு ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரில் வாசனைத் திரவியங்கள் இவ்வாறு கதிரூட்டப்பட்டன. 1959இல் சட்டத் தடையினால் அம்முயற்சி நின்றது. பின்னர் கோபாற்று முறை முந்திக்கொண்டது. காமாக் கதிர் தடித்த பொதிகளையும் ஊடுருவும். 10 மெகா இலத்திரன் வோல்ற்று ஆற்றலுடைய இலத்திரனோ நீரளவு அடர்த்தியுடைய பொருளிற் சில சென்ரிமீற்றர் ஆழமே செல்லும். மறுபுறத்தில், காமா முறையிற் பல மணிநேரம் எடுக்கும் வேலையை இலத்திரன் கற்றை சில விநாடிகளில் முடிக்கின்றது. கோபாற்று 5.27 ஆண்டுகளில் தன் வலிமையிற் பாதியை இழப்பதாதலால், அதனை ஆக்கவல்ல அணு உலைகளையுடைய நாடுகளை இடைவிடாது எதிர்பார்த்திருக்க வேண்டும். இலத்திரன் பொறிக்கு வேண்டியது மின்சாரமே. மின்னை நிறுத்தினாற் கதிரும் நின்றுவிடும். பாதுகாத்து ஒழிக்கவேண்டிய கதிர்மூலம் எஞ்சுவதில்லை.

அயல்நாடான இந்தியாவில் 1974இல் துரோம்பேயில் மருத்துவப் பொருள்களுக்கான காமா நிலையம் நிறுவப்பட்டது. 1994இல் உணவுக் கதிரூட்டலுக்கு அனுமதி கிடைத்தது. 2007இல் கதிரூட்டப்பட்ட மாம்பழங்கள் ஐக்கிய அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாயின. 2024ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் ஐம்பது உணவுக் கதிரூட்டல் நிலையங்களுக்கு நிதியுதவி அறிவிக்கப்பட்டது. இந்தூரில் இலத்திரன் கற்றையைக் கொண்டு மருத்துவக் கருவிகளைக் கிருமியழிக்கும் பணியும் நடைபெறுகின்றது.

5

இலங்கையின் நிலை யாது? அணுசக்தி அதிகாரசபை 1969ஆம் ஆண்டு 19ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்டது. 2014ஆம் ஆண்டு 40ஆம் இலக்கச் சட்டம் அதனை அணுசக்திச் சபையாகவும் ஒழுங்குபடுத்தற் பேரவையாகவும் பிரித்தது. அச்சபையின் காமா நிலையம் பியகமையில் உள்ளது. இடத்தைக் கவனிக்கவேண்டும். பியகம ஓர் ஏற்றுமதி வலயம், துறைமுகத்துக்கு அண்மையது, அறுவைக் கையுறை முதலியன ஆக்கப்படும் பகுதி. இறப்பர் மரத்திற் பால்வெட்டும் தொழிலாளியின் உழைப்பு, பியகமையிற் கையுறையாகி, கிருமி நீங்கி, அயல்நாட்டு அறுவைக்கூடத்தை அடைகின்றது.

தேயிலைக்கும் இதற்கும் தொடர்பு என்ன என வினவலாம். வாட்டி, உருட்டி, நொதிக்கவைத்த கொழுந்து, 90 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூடான காற்றில் உலர்த்தப்பட்டு, ஈரப்பதன் ஏறத்தாழ 3 வீதமாகக் குறைக்கப்படுகின்றது. ஆதலால் தேயிலைக்குக் கதிரூட்டல் பொதுவாகத் தேவைப்படுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999ஆம் ஆண்டுப் பொது அனுமதிப் பட்டியலிலும் உலர்ந்த வாசனை மூலிகைகள், வாசனைத் திரவியங்கள், மரக்கறிச் சுவையூட்டிகள் ஆகியனவே இடம்பெற்றன, தேயிலை இடம்பெறவில்லை. ஏலம், மிளகு, கறுவா முதலியவற்றுக்கே இம்முறை பெரிதும் பொருந்தும். பூச்சிநாசினி எச்சத்தை எக்கதிரும் நீக்காது என்பதனையும் மறத்தலாகாது.

ஆயினும், பண்டத்தின் தூய்மை என்னும் பிரச்சினை தேயிலையை எவ்வாறு பற்றும் என்பதனை 2017ஆம் ஆண்டு டிசெம்பர் மாத நிகழ்ச்சி காட்டிற்று. இலங்கையிலிருந்து சென்ற சரக்கொன்றில் கப்ரா வண்டு காணப்பட்டதெனக் கூறி, இலங்கைத் தேயிலையின் முதன்மைக் கொள்வனவாளருள் ஒன்றான ருஷ்யா இறக்குமதியை இடைநிறுத்திற்று. அவ்வண்டு தானியக் களஞ்சியங்களின் பகை; தேயிலை அதன் உணவன்று. 2018 சனவரி முதல் கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இலங்கை தீர்மானித்திருந்த காலம் அது. கல்நாரை ஏற்றுமதி செய்யும் பெருநாடு ருஷ்யா. இலங்கை தனது கல்நார்த் தடையை ஒத்திவைத்தது. அம்மாத முடிவுக்குள் தேயிலைத் தடையும் நீங்கிற்று. இரண்டிற்குமுள்ள தொடர்பினை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். இறக்குமதி செய்யும் நாட்டில் ஒரு வண்டு பெற்ற கவனத்தை, கல்நார்க் கூரையின்கீழ் வாழ்வோரின் நுரையீரல் பெறவில்லை.

மார்க்ஸ் பண்ட வழிபாடு என விளக்கியது இதுவே. மனிதர்க்கிடையிலான உறவு பொருள்களுக்கிடையிலான உறவாகத் தோற்றமளிக்கின்றது. தேயிலைக்கும் வண்டுக்கும் இடையிலான பிரச்சினை எனத் தோன்றியது, உண்மையில் வாங்கும் மூலதனத்துக்கும் விற்கும் நாட்டுக்கும், அந்நாட்டினுள் ஆளும் வர்க்கத்துக்கும் உழைப்போர்க்கும் இடையிலான உறவாகும். முன்பு தொழிலாளியின் உடல் தூய்மையாக்கப்பட்டது. இன்று அவர் ஆக்கிய பண்டம் தூய்மையாக்கப்படுகின்றது. இரு காலத்திலும் அவர் வாழும் சூழல் கணக்கில் வரவில்லை.

6

இவ்விடத்தில் மஸ்கெலியாவுக்குத் திரும்புவோம். சிவனொளிபாதமலையின் அடிவாரத்துப் பழைய மஸ்கெலிய நகர், 1969இல் நிறைவுற்ற மவுசாகலை நீர்த்தேக்கத்தினுள் மூழ்கியது. வறட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் சேற்றிலிருந்து தலைகாட்டுகின்றன. அணுசக்தி அதிகாரசபைச் சட்டம் நிறைவேறியதும் அதே 1969இல்தான். நாட்டின் மின்சாரத்துக்காக ஓர் ஊரும் அதன் தெய்வங்களும் நீரினடியிற் சென்றன. அந்நீரினாற் பிறந்த மின் கம்பிவழியே தலைக்கு மேலாகச் சென்றபின்பும், பல லயங்களில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது.

இலத்திரன் கற்றைக்கு மூலப்பொருள் மின்சாரம் என முன்னர்க் கண்டோம். ஆகவே இந்நாட்டில் இத்தொழில்நுட்பம் விரிவுபெறுமாயின், அதன் ஆற்றலில் ஒரு பங்கு மலையக ஆறுகளிலிருந்தே பிறக்கும். மலையகம் அதில் வேண்டுதற்காரனாக நிற்கவேண்டியதில்லை, உரிமைக்காரனாக நிற்கத்தக்கது.

இது தொடர்பாக இருவகைப் பிழையான நிலைப்பாடுகள் நம்மிடையே உள. முதலாவது தொழில்நுட்பவாதம். பொறி வந்தால் ஏற்றுமதி பெருகும், ஏற்றுமதி பெருகினால் வறுமை அகலும் என அது கூறும். நூற்றைம்பது ஆண்டுகளாக ஏற்றுமதி செய்துவந்த தோட்டத்தின் லயங்களே இதற்கு மறுப்பு. இரண்டாவது நிலைப்பாடு நம்மவர் சிலரிடம் காணப்படுவது. கதிர்வீச்சு ஏகாதிபத்தியத்தின் கருவி, இயற்கைக்கு விரோதமானது, ஆகவே முற்றாக நிராகரிக்கப்படவேண்டும் என்பது அது. பொறி வேறு, மூலதனம் அதனைக் கையாளும் முறை வேறு என்பதனைத் தொழிலாளர் உணர்ந்துகொள்வதற்குக் காலமும் அனுபவமும் தேவைப்பட்டன என மார்க்ஸ் இயந்திரங்கள் பற்றிய அத்தியாயத்தில் விளக்கியுள்ளார். ஏற்புவலியாற் குழந்தையை இழந்த தாயிடம் சென்று கிருமியழிப்பு ஏகாதிபத்தியச் சதி என்று கூற எவருக்கும் உரிமையில்லை.

இம்முறையின் குறைபாடுகளையும் மறைக்கலாகாது. முதலீடு பெரிது; பயிற்சிபெற்றோர் வேண்டும்; மின் இடையறாது கிடைக்கவேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு நிலவிய நாட்டில் இது சிறிய நிபந்தனையன்று. நீரினுள் இறக்கிவைக்கப்பட்ட கோபாற்று மின்வெட்டினால் வலிமை இழப்பதில்லை. இலத்திரன் பொறியோ மின்னற்ற பொழுதில் வெறும் இரும்பு. ஆதலால் ஒன்றை ஒழித்து மற்றொன்றை நிறுவுவதைவிட, பொருளுக்கேற்ப இரண்டையும் பயன்படுத்துவதே அறிவுடைமை. அத்துடன், கதிரூட்டல் அழுக்கான களஞ்சியத்துக்குப் பரிகாரமாகாது. தூய்மையான உற்பத்தியின் இறுதிப்படியாக அது அமையவேண்டுமேயன்றி, தூய்மையற்ற உற்பத்தியை மறைக்கும் திரையாக அமைதல் கூடாது. கொளுக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்து மலசலகூடத்தை மறந்த கதை நமக்குப் பாடமாகவேண்டும்.

எனவே நாம் முன்வைக்கவேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. கிருமியழிப்பு நிலையங்கள் பொதுவுடைமையாக இருத்தல் வேண்டும். அவற்றின் பயன் ஏற்றுமதிப் பொதிக்கு முன்னதாக, அல்லது குறைந்தபட்சம் அதனோடு ஒருங்கே, தோட்ட மருந்தகத்தின் கட்டுத்துணியையும் பிரசவ அறையின் கருவியையும் எட்டுதல் வேண்டும். சிறுநிலங்களில் மிளகும் ஏலமும் பயிரிடும் மலையகக் குடும்பங்கள் கூட்டுறவு வழியாக அந்நிலையங்களைப் பயன்படுத்த வாய்ப்பளிக்கப்படல் வேண்டும். அங்கே தொழிநுட்பவியலாளராகப் பயிற்சிபெறும் உரிமை கொழுந்து பறிப்போரின் பிள்ளைகளுக்கும் உண்டு. இவையெல்லாவற்றுக்கும் மேலாக, லயத்துக்குத் தூயநீரும் உறுதியான வீடும் இல்லாதவிடத்து எக்கதிரும் நோயை நிறுத்தாது என்பது ஏற்றுக்கொள்ளப்படல் வேண்டும்.

மண்டபத்தில் நம் முன்னோரின் உடைகளை நீராவியில் இட்டவர்கள், அவர்களிடமிருந்து உலகைக் காப்பதாக எண்ணினர். நம் தலைமுறையின் கடமை அக்கேள்வியைத் திருப்பிக் கேட்பது. உழைப்போரை நோயிலிருந்து காப்பதற்குக் கிருமி பற்றிய அறிவு எப்பொழுது முழுமையாகப் பயன்படப்போகின்றது? மவுசாகலை நீரினடியிற் கிடக்கும் ஊர் இக்கேள்வியைக் கேட்கும் தகுதியை நமக்கு அளித்திருக்கின்றது. விடையைப் பெற்றுக்கொள்ளும் ஆற்றல் ஒன்றுபட்ட உழைக்கும் மக்களிடமே உண்டு.